நீ சொன்ன வியாழக்கிழமை

ஃப்ரீடவுன்,
12 ஜூலை 1942, ஞாயிறு.

அன்புள்ள லவினியாவுக்கு,

உன் கணவன் ஹெஸகையா எழுதுவது. நான் சுகம். போந்தே தீவில் உன் அக்கா வீட்டில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மூன்று வாரமாக விடாத மழை. சமையலறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் உனக்கு முன்னால் மூன்று பேர் படிப்பார்கள். யுத்தம் வந்த பிறகு இந்த ஊரில் ஒருவன் தன் மனைவிக்கு எழுதுவதும் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. உன் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் உபதேசியார் டெக்கரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரும் பிரிக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது நேராகப் பொருந்தாவிட்டால் எனக்குத் தெரிவி.

முதலில் அலுவலகச் செய்தி. லிவர்பூலிலிருந்து வந்த மேற்பார்வையாளன், அந்த இருபத்துநான்கு வயதுக்காரன், என் மேசையைச் சன்னலடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டான். சன்னலில் உட்கார்ந்தால் துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறதாம். இருபத்தொரு வருடமாக இந்தத் துறைமுகத்துக் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் அனுப்பும் குமாஸ்தா நான். எந்தக் கப்பலுக்கு எத்தனை டன் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் தண்ணீர்ப் படகு கரையை விட்டு நகரும். ஆனால் கப்பல்கள் கூட்டமாகச் சேர்ந்து போகும் கான்வாய் கிளம்பும் நாளை என்னிடம் அன்று காலையில்தான் சொல்கிறார்கள். பட்டியல் அவன் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. படகோட்டுகிறவர்களிடம் மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தக் கப்பலைக் கடைசியாக நிரப்புவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கல்லூரியில் லத்தீன் படித்தவனுக்குத் தெரியக் கூடாதது, கயிறு இழுக்கிறவனுக்குத் தெரியலாம்.

ஜூன் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஃபூஃபூக் களியை உருட்டிக்கொண்டே, "வியாழக்கிழமை எல்லாக் கப்பலும் போயிடும். இனிமேயாவது மீன் விலை இறங்கும்" என்றாய். எனக்கே தெரியாது. யார் சொன்னது என்று கேட்டேன். "ஊருக்கே தெரியும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். நீ சொன்னபடியே வியாழக்கிழமை முப்பத்தொரு கப்பல் போயின. சனிக்கிழமை அவற்றில் ஒன்றை நீர்மூழ்கி அடித்தது. மிஞ்சியவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தபோது உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், காலில் செருப்பில்லை. கரி அள்ளிப் போட்டவர்களில் ஒருவரும் வரவில்லை. கப்பல் வேலைக்குப் போகும் குரூ ஆட்கள் குடியிருக்கும் குரூ டவுனில் பதினொரு வீட்டில் எழுந்த அழுகையை நீயும்தான் கேட்டாய்.

யார் சொன்னது என்று இப்போதும் கேட்கிறேன்.

கேட்பதற்கு வேறும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பாட்டுக்குழுப் பயிற்சி என்று போனாய். கோயிலில் ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்தேன். ஈஸ்டருக்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பயிற்சியே கிடையாது என்றார். இரண்டு முறை நீ கிளாடியஸ் ரென்னர் வீட்டு முற்றத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். ஒரு முறை அவன் உனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அக்கா எர்னெஸ்டீனைப் பார்க்கப் போனேன் என்பாய். விதவையான அந்த அம்மாளிடம் வாரா வாரம் பேச என்ன இருக்கிறது? உன் மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைக் கேட்டபோது பானை பட்டுவிட்டது என்றாய். பானை கோடு கிழித்தது போல நேராகச் சுடாது.

கிளாடியஸை எனக்கு உன்னைவிட அதிக நாளாகத் தெரியும். ஒரே வகுப்பு. நான் பரிசு வாங்கிய வருடம்தான் அவன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனான். நம் கல்யாணத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் சொன்னது உனக்கு ஞாபகமிருக்கும். "ஹெஸகையாகிட்ட அகராதி ஏற்கெனவே இருந்துது. இப்ப அதைத் தூக்கிட்டு நடக்க ஆளும் கிடைச்சாச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பத்தொன்பது வருடமாகிறது.

அவனை ஜூன் இருபத்தாறாம் தேதி, அவன் ஓட்டும் தண்ணீர்ப் படகிலிருந்தே அழைத்துப் போய் மலைக்குப் பின்னால் உள்ள காவல் முகாமில் வைத்தார்கள். காரணத்தை வெளியே சொல்லவில்லை. எண்ணெய் விற்றான் என்கிறார் ஒருவர். துரையை அடித்தான் என்கிறார் இன்னொருவர். யாரோ பெயர் போடாமல் ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். நம் ஊரில் அது புதிதா? அன்று மாலை நீ கதவில் சாய்ந்துகொண்டு என்னிடம், "நீங்களா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை நீ போந்தே படகில் ஏறிவிட்டாய்.

போன வாரம் பாதுகாப்பு அதிகாரி ஸ்டிரௌட் துரை என்னைக் கூப்பிட்டு அந்த மனுவைக் காட்டினார். "இருபது வருஷமா எழுத்தோடயே இருக்கறவர் நீங்க. இது யார் கைன்னு தோணுது?" என்று கேட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை உன்னிடம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. யாரோ பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம் என்றேன். மொழி சுத்தமாக இருந்தது என்றும் சொன்னேன். அது உண்மை.

ஒரு வரியாவது எழுது. தேவன் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் கணவன்,
ஹெஸகையா மெட்ஸ்கர்.


ஃப்ரீடவுன்,
7 ஆகஸ்ட் 1942, வெள்ளி.

லவினியாவுக்கு,

நீ அனுப்பிய போங்கா கருவாடு வந்தது. பாதிதான் நனைந்திருந்தது. உன் கடிதமும் வந்தது, அதைக் கடிதம் என்று சொல்லலாமானால். "கிளாடியஸ் எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லையே" என்ற ஒரே வரி. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கக் காகிதத்தில் இடமில்லை போலும். அந்த வரியை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உனக்கு எழுத வேண்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். எல்லாம் கடுமையான வார்த்தைகள். நேற்று நடந்ததற்குப் பிறகு அவற்றில் ஒன்றும் பயன்படாது.

நேற்று அலுவலகத்திலிருந்து வந்து ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலையில் கூடையும் அதன்மேல் வாழையிலையுமாக ஒரு பெண்பிள்ளை தெருக் கதவைத் தட்டினாள். நிக்கல் ஓடையில் துணி வெளுக்கும் காடி. உனக்குத் தெரிந்தவள்தான், அதைத்தான் எழுதப் போகிறேன். பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பேசினாள்.

"அம்மா எப்ப வருவாங்க ஐயா? அவங்க இல்லாம எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி இருக்குது" என்றாள்.

எந்த அம்மா என்றேன்.

"இதென்ன கேள்வி? உங்க வீட்டம்மாதான். வெள்ளைச் சட்டைக் காலருக்கு அவங்க மாதிரிக் கஞ்சி போட்டு இஸ்திரி வைக்க இந்த ஊர்ல யாரு இருக்கா? எர்னெஸ்டீன் அம்மாவும் முகாமுக்குச் சோறு தூக்கிட்டு ஓடறாங்க. மூணு கப்பல் துணி என் தலையில விழுந்து கிடக்குது!"

என் மனைவி கப்பல்காரன் துணிக்கு இஸ்திரி போடுகிறவள் இல்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடக் கடவுளே, உங்களுக்குத் தெரியாதா? வருஷம் ஒண்ணாச்சே! செவ்வாயும் வெள்ளியும் எர்னெஸ்டீன் அம்மா முற்றத்துலதானே வேலை. நீங்க திங்கிற அரிசி வேற எங்கேருந்து வந்துதுன்னு நினைச்சீங்க? ஆபீஸ் சம்பளத்துலயா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

லவினியா, முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் மனைவி, ஒரு குருவானவரின் பேத்தி, மாலுமிகளின் சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிறாள். என் சித்தப்பா மகள் அந்த வேலைக்குப் போனபோது, அவள் குடும்பப் பெயரையே ஓடையில் கரைத்துவிட்டாள் என்று நான் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். நீ அப்போது பேசாமல் குழம்பு ஊற்றினாய். அதை ஊற்றிக்கொண்டே தீர்மானித்திருப்பாய், இவரிடம் சொல்லக் கூடாது என்று. அரிசி எப்படி வருகிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

காடியை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது அவள், "சரி, நான் போறேன். நாளை மறுநாளைக்குள்ள எல்லாத்தையும் குடுத்தாகணும். இவங்க ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் சொன்னது என்று கத்தினேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு வந்து சொல்லணும்?" என்றாள். "கப்பல் நிக்கிற வரைக்கும் துணி எப்ப வந்தாலும் சரின்னு இருப்பாங்க. கிளம்பற நேரம் வந்தா, காஞ்சுதோ காயலையோ, ஈரத்தோடயே குடுன்னு ஆள் மேல ஆள் அனுப்புவாங்க. ஒரு கப்பல் கேட்டா ஒரு கப்பல் போகுது. எல்லாக் கப்பலும் ஒரே நாள்ல கேட்டா எல்லாம் போகுது. கேட்டு ரெண்டு நாள்ல கிளம்பிடும், முன்னப் பின்ன ஆகாது. நீங்க புத்தகம் படிச்சவங்க, நாங்க சட்டை படிக்கிறவங்க. நூத்துச் சொச்சம் பொம்பளைங்க ஓடையில இருக்கோம். எங்களுக்குத் தெரியாம எந்தக் கப்பல் போயிருக்குது?"

நான் மழையில் நின்றுகொண்டிருந்தேன் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது.

கிளாடியஸ் மீதுள்ள குற்றம் என்ன என்று போன கடிதத்தில் மறைத்தேன். இப்போது சொல்கிறேன். கான்வாய் கிளம்பும் நாளை அவன் கரையில் ஒரு பெண்ணிடம் சொன்னான், அவளிடமிருந்து அது ஊருக்குப் பரவியது, அதனால்தான் பதினொரு குரூ ஆட்கள் செத்தார்கள் என்று மனுவில் இருந்தது. பெண்ணின் பெயர் அதில் இல்லை. அந்த மரியாதையை மனு எழுதியவன் காப்பாற்றியிருந்தான்.

உனக்கு இது தெரிந்திருந்தால் முதல் நாளே முகாமுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். என் கோபத்துக்காகக்கூட நீ தயங்கியிருக்க மாட்டாய். நீ அவனுக்காகப் போயிருப்பாய் என்பதை எழுதும்போது இப்போதும் என் பேனா ஒரு நொடி நிற்கிறது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாயே. இன்று காலை வேலைக்குப் போகாமல் எர்னெஸ்டீனை வழியில் நிறுத்திக் கேட்டேன். தலையில் சோற்றுச் சட்டி, ஒரு கையில் குடை. இருமல் இருக்கிறது என்றாள். முகாமில் தரை ஈரம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களைப் பத்தி அவன் தினமும் கேக்கறான். 'ஹெஸகையாகிட்ட சொல்லு, அவன் இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதினா துரைங்க தலையாட்டுவாங்க, அவன் எழுதினா நான் வந்துடுவேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கான். நான்தான் உங்ககிட்ட வந்து கேக்கத் தயங்கிட்டேன்" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

துரையிடம் போய் ஓடையைப் பற்றிச் சொன்னால் கிளாடியஸ் வெளியே வரலாம். ஆனால் நாளைக்கே நூறு பெண்களின் துணிக்கூடையை வாங்கி வைத்துவிட்டு, கப்பல் பக்கமே வராதே என்று துரத்துவார்கள். காடியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். உன்னைத் தேடிப் போந்தேக்கு ஆள் வரும். இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு போகிறேன். இவற்றில் எது உண்மையான பயம், எது என் முதுகைக் காப்பாற்ற நானே சேர்த்துக்கொண்ட பயம் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நீ கதவில் சாய்ந்துகொண்டு கேட்ட கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். அதுவரை உன் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லாதே. உபதேசியாரின் மனைவி கொண்டுவருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் படித்தாளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

ஹெஸகையா.


ஃப்ரீடவுன்,
28 ஆகஸ்ட் 1942, வெள்ளி.

என் அன்புள்ள லவினியாவுக்கு,

நான்தான். நீ கேட்டதற்குப் பதில் அது.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதி, அலுவலகக் காகிதம் வேண்டாமென்று கடையில் காகிதம் வாங்கி, இடது கையால் எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். பதினொரு குரூ ஆட்களுக்காக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பத்தாம் தேதி, திங்கட்கிழமை, கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டிரௌட் துரையிடம் போனேன். மனு என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. "அன்னிக்கு நீங்கதானே வாத்தியார் கைன்னு சொன்னீங்க? சினேகிதனைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கறீங்களா?" என்று கேட்டார். என்னை நல்லவன் என்று ஒருவர் நினைத்தது அந்த ஒரு நிமிடம்தான், அதையும் நானே கெடுக்க வேண்டியிருந்தது. அவர் மேசையிலிருந்த பேனாவை இடது கையில் எடுத்து மனுவின் முதல் வரியை எழுதிக் காட்டினேன். எல்லாம் மனப்பாடம். அவர் அசல் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை உட்காரச் சொல்லவில்லை.

அப்படியானால் கான்வாய் கிளம்பும் நாள் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். உன் பெயரையும் சொல்லவில்லை, காடியின் பெயரையும் சொல்லவில்லை. உங்கள் சட்டைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று உங்கள் வேலைக்காரனைக் கேளுங்கள் என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மணியடித்தார். வந்த வேலைக்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். போன தடவை கான்வாய் போவதற்கு முன்னால் கரையில் யாரிடமாவது ஏதாவது சொன்னாயா என்று துரை கேட்டார். "சத்தியமா இல்ல சார். வாயே திறக்கலை. கப்பல்காரங்க துணியோட உங்க சட்டையும் கலந்து போயிடக் கூடாதுன்னு, ஓடைக்குப் போய்த் துணியை மட்டும் உடனே திருப்பிக் குடுன்னு கேட்டேன். எல்லாக் கப்பல்லேருந்தும்தான் வந்திருந்தாங்க" என்றான். துரை தன் சட்டைக் கையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது ஈரமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில், அந்தக் கப்பல் மூழ்கியதற்கு யாராவது நாளைச் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை என்றார். மீன் சந்தை வாசலில் பூனை உட்கார்ந்திருப்பது போல நீர்மூழ்கிகள் வெளியே எந்நாளும் காத்திருக்கின்றன என்றார். ஆக, உன் வியாழக்கிழமையாலும் யாரும் சாகவில்லை. அதை நீ மனதில் போட்டு அரித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஓடையை மூடவில்லை. மூடினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பதிலாக, கிளம்பாத வாரத்திலும் இரண்டு முறை துணியைத் திடீரென்று திருப்பிக் கேட்கச் சொல்லி எல்லாக் கப்பலுக்கும் உத்தரவு போயிருக்கிறது. இப்போது ஓடையில் எந்தத் துணியும் காய்வதில்லை. யாரோ படித்தவன் போய் மூட்டிவிட்டான் என்று பெண்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று நம் வாசலைக் கடந்தபோது காடி என் காதில் விழும்படியாகவே, "எந்த மகராசன் வாய வச்சானோ, அவன் வேட்டி என்னைக்கும் காயாம இருக்கட்டும்" என்றாள். நான் கால்சட்டை போடுகிறவன் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

வேலை போய்விட்டது. முகாமுக்கு அனுப்பாமல் விட்டார்கள். மேற்பார்வையாளன் என் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருந்தான், அதிலும் என் மைக்கூட்டை எடுத்துக்கொண்டான். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மன்னிக்கிறேன் என்று எழுதினால் பொய்.

ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறு. நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். துரை அதைப் படித்தார், இது மேலே போகக் கூடாது என்று நான்காகக் கிழித்தார். கிளாடியஸை விட்டுவிட்டார்கள். ஆனால் போதிய சாட்சியமில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், குற்றமில்லை என்று எழுதவில்லை. அதனால் துறைமுகத்துக்குள் போக அவனுக்கு அனுமதிச் சீட்டு இனிக் கிடைக்காது. இருபது வருடம் ஓட்டிய தண்ணீர்ப் படகை வேறொருவன் ஓட்டுகிறான். போந்தேக்கு உப்பும் அரிசியும் ஏற்றிப் போகும் பழைய படகில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். துரை கிழித்துவிட்டதால், மனு எழுதியது யார் என்று அவனிடம் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு முறை படகுத்துறை வரை போய்த் திரும்பினேன். நேற்று முன்தினம் போனேன். அவன் உப்பு மூட்டைகளை எண்ணெய்த்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாடா அகராதி! வெளிய எடுத்துட்டியே என்னை, எந்தத் துரைக்கு எழுதின?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான். லவினியா, அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சொன்னேன். உள்ளே போட்டதும் நான்தான் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். எர்னெஸ்டீன் முற்றம், வெள்ளிக்கிழமைகள், அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும். கல்யாணத்தில் அவன் சொன்ன வேடிக்கையைக்கூடச் சொன்னேன். அது அவனுக்கு ஞாபகமே இல்லை.

அவன் இருமினான். நெடுநேரம் இருமினான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். "முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்தது என்றேன். "அப்ப இந்தக் கயித்தைப் பிடி. மழை வருது" என்றான். பிடித்தேன். எண்ணெய்த்துணியின் நான்கு மூலையையும் கட்டி முடிக்கும் வரை அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டி முடித்த பிறகு, "அவங்க கையில கூடையை வச்சுக்கிட்டுக் கதவைத் திறக்க முடியாம நின்னாங்க. அதான் திறந்தேன்" என்றான். அவ்வளவுதான்.

நான் கிளம்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டான். "சனிக்கிழமை போந்தே போறேன். உங்க வீட்டுக்குக் கடிதம் இருந்தா குடு. ஆனா ஒட்டாத. நீ எழுதுறதை ஒரு தடவையாவது நான் முன்னாடியே படிக்கிறேன்."

அதனால் இது ஒட்டாமல் வருகிறது. ஒட்டும் இடத்தில் கையெழுத்தும் இல்லை. இதுவரையில் அவன் படித்திருப்பான். படித்துவிட்டு உன் கையில் கொடுக்காமல் கடலில் போட்டாலும் அவனுக்கு அந்த உரிமை உண்டு. உன் கையில் இது இருக்கிறதென்றால், அவன் உன் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறான் என்று அர்த்தம். உள்ளே வரமாட்டேன் என்பான். கூப்பிடு. அவனை உலர்ந்த இடத்தில் உட்கார வை. மிளகு தூக்கலாகப் போட்டுச் சூடாக ஏதாவது கொடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

உன்னிடம் எனக்காக ஒன்றும் கேட்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். படகு செவ்வாய்க்கிழமை திரும்புகிறது. உப்பை இறக்கிவிட்டால் ஆள் உட்கார இடமிருக்கும் என்று அவன் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். கரையில் கயிறு பிடிக்க ஆளில்லை என்றும் சொன்னான். எனக்குத்தான் இப்போது வேலையில்லையே. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து படகுத்துறையில் நிற்பேன். படகில் யார் வந்தாலும், வராவிட்டாலும், கயிற்றைப் பிடிப்பேன்.

கடல் உங்கள் இருவருக்கும் அமைதியாக இருக்கட்டும்.

ஹெஸகையா.